வலிக்காது அக்கா

நூலின் ஒரு முனை நிஷாந்தியின் பற்களுக்கிடையில் இருக்கும்வரை யாரும் அவளிடம் எதையும் கேட்டுப் பதில் வாங்க முடியாது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில், தையற்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய அழகு நிலையம். சுழல் நாற்காலி ஒன்று, பெரிய கண்ணாடி ஒன்று, தலையாட்டாமல் ஒரே பக்கம் பார்க்கும் மின்விசிறி ஒன்று. கீழே ரயில் போகும்போது கண்ணாடி நடுங்கும். அந்த நேரத்தில் எவருடைய புருவத்திலும் கைவைக்கமாட்டாள். நூலைக் கடித்தபடி சிலைபோல் நிற்பாள். தண்ணீர் ஒழுகுகிறது என்று முறையிடத் தையற்காரர் படியேறி வந்தாலும் அதே சிலைதான். வாயிலுள்ள நூலைக் காட்டுவாள், நாற்காலியில் இருப்பவளைக் காட்டுவாள், கண்ணால் மன்னிப்புக் கேட்பாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

புருவம் எடுக்க வருகிறவள் தன் தோலைத் தானே இழுத்துப் பிடிக்கவேண்டும். ஒரு கை விரல் புருவத்துக்கு மேலே, மறு கை விரல் இமையில். பிடி தளர்ந்தால் முடியை விட்டுத் தோலைக் கவ்விவிடும் நூல். ஆகவே நூலைக் கடிக்குமுன் எல்லோருக்கும் ஒரே வசனம்: “வலிக்காது அக்கா, இழுத்துப் புடிங்க.” பல்கலைக்கழகப் பிள்ளைக்கும் அக்கா, பேரப்பிள்ளை கண்டவளுக்கும் அக்கா. அடுத்து ஒரு கேள்வி: “இன்னைக்கு வீட்ல என்னா கறி?” கேட்ட வாயோடு நூலைக் கடித்துவிடுவாள். வந்தவள், “பருப்பும்...” என்று தொடங்குவதற்குள் முதல் வரிசை முடி போய்விட்டிருக்கும். பருப்போடு வேறு என்ன சமைத்தார்கள் என்பது இத்தனை வருடத் தொழிலில் நிஷாந்திக்குத் தெரியவந்ததே இல்லை.

அப்படியும் சிலர் அலறுவார்கள். அவர்களுக்கு இரக்கம் காட்டும் வழக்கம் அவளிடம் இல்லை. “இதுக்கே இந்தக் கத்து கத்துறீங்களே, புள்ள பெக்கிறப்ப ஆஸ்பத்திரிக் கூர நிக்குமா?”

இந்தப் பேச்சுத்தான் அவளை மாட்டிவைத்தது. பாமன்கடையிலிருந்து வரும் முஸ்லிம் அக்காவான ஹமீமா ராத்தா ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய். நிஷாந்தி இரண்டாவது பிள்ளைக்கு வயிறு தள்ளி நின்ற ஒரு சனிக்கிழமை, நாற்காலியில் இருந்து அலறிய ஒருத்திக்கு இந்தக் கேலி விழுந்தது. அடுத்ததாக நாற்காலியில் வந்து சாய்ந்த ஹமீமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“நிஷா, நீங்க மூத்த புள்ளய ஊசி போட்டுத்தானே பெத்தீங்க? வலி என்னண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

காத்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியாக நிஷாந்தியைப் பார்த்தார்கள். நூல் அறுந்தது. அவளுடைய பல்லில் நூல் அறுந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை.

“இந்தத் தடவ ஊசி கெடையாது ராத்தா. பந்தயம்!”

“பந்தயம் எங்களுக்கு ஹராம் நிஷா. நீங்க பெறுங்க, நாங்க சும்மா பாக்கிறோம்.”

அன்றிலிருந்து வெள்ளவத்தை முழுவதும் இதே கதை. ஊசி வேண்டாம் என்பது வீம்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைக்க விட்டாள். உண்மைக் காரணத்தைக் கணவன் மெல்ரோயிடம்கூட அவள் சொல்லவில்லை.

மூத்தவள் டினுஷி பிறந்தபோது, வலி தாங்காமல் ஊசி போட்டுக்கொண்டாள். வலி குறைந்தது. கூடவே மற்ற எல்லாம் குறைந்தது. பாதி மயக்கத்தில் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். யாரோ கன்னத்தில் தட்டி எழுப்பியபோது பிள்ளை துடைத்து, சுற்றி, தொப்பியும் போட்டுத் தயாராக இருந்தது. முதல் அழுகையை அவள் கேட்கவில்லை. கேட்டவர், வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த மாமியார் அன்னபாக்கியம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்லுவார்: “ஒரு சத்தம் போட்டா பாருங்க, கோயில் மணி அடிச்ச மாதிரி! எனக்கு அப்பிடியே புல்லரிச்சுப் போச்சு.” பெற்றவள் தேநீர்த் தட்டோடு நின்று, தன் பிள்ளை பிறந்த கதையை விருந்தாளிகளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாவதின் முதல் அழுகையைத் தன் காது கேட்டாகவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினம் காலையில் வலி கண்டது. டிசம்பர் நத்தார் வியாபாரத்தில் துணிக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த பூப்போட்ட பைகள் இரண்டு வீட்டில் இருந்தன. ஒன்றில் குழந்தையின் உடுப்பு, மற்றதில் மணப்பெண் அலங்காரத்துக்குக் கொண்டுபோகும் சாமான். கொட்டாஞ்சேனையில் பெயின்ற் கடை ஒன்றில் வேலை செய்யும் மெல்ரோய், நூறு வெள்ளைக்குள் ஒரு வெள்ளையைப் பிரித்துச் சொல்லக்கூடியவன். அவன்தான் பையைத் தூக்கினான்.

பிரசவ அறையில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது சோமலதா பையைத் திறந்தார். பவுடர் டப்பா, சீப்பு, கொண்டை ஊசி, நூல்கண்டு, ‘நிஷா பியூட்டி’ என்று சிவப்பு நூலால் பெயர் தைத்து, துவைத்து மடித்த வெள்ளைத் துவாய்கள். எல்லாவற்றையும் வரிசையாக வெளியே வைத்துவிட்டு, பிள்ளை பெற வந்தாயா, கல்யாண வீட்டுக்கு வந்தாயா என்று சிங்களத்தில் கேட்டார்.

“அந்த மனுசன வெளிய வச்சே சாத்துங்க மிஸ்” என்றாள் நிஷாந்தி, அதே சிங்களத்தில். நூல்கண்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நூலை விரலில் சுற்றிப் பல்லில் கடித்தபோது முதலில் தைரியமாகத்தான் இருந்தது. வலி எழும்போதெல்லாம் தனக்குத்தானே, “வலிக்காது அக்கா, இழுத்துப் புடிங்க” என்று சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ‘இழுத்துப் புடிங்க’ கழன்றது. பிறகு ‘அக்கா’ கழன்றது. கடைசியில் ‘வலிக்காது’ம் போய், வெறும் சத்தம் மட்டும் மிஞ்சியது. வெளியே வாங்கில் மாலு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெல்ரோய், “யாரோ பாவம் அம்மா, இந்தக் கத்து கத்துது” என்றான். “வாய மூடிட்டுத் தின்னுடா, அது ஒன் பொண்டாட்டி” என்றார் அன்னபாக்கியம்.

உள்ளே நூல் இரண்டாவது முறையாக அறுந்தது.

“மிஸ், ஊசி! ஊசியப் போடுங்க! ஹமீமா ராத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்!”

சோமலதாவுக்கு விளங்கவில்லை. ஹமீமா யார், டொக்டரா என்று கேட்டார். நிஷாந்தியின் நிலைமை அதை விளக்கும் நிலைமை இல்லை. டொக்டரைக் கேட்டு வர ஒரு தாதி ஓடினாள். அவள் திரும்புவதற்குள் சோமலதா பார்த்துவிட்டு, தலை தெரிகிறது தங்கச்சி, இனி ஊசி வேலை செய்யுமுன் பிள்ளை வந்துவிடும் என்றார். நிஷாந்தி அழுதாள். தன்னைத் திட்டினாள், மெல்ரோயைத் திட்டினாள், துணிக்கடைக்காரனைத் திட்டினாள். அப்போதுதான் தன் முகத்துக்கு நேரே குனிந்திருந்த முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடது புருவம் மேலே ஏறியிருந்தது. வலது புருவத்தைச் சவரக்கத்தியால் யாரோ பாதியில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

“யாரு மிஸ் ஒங்க ஐப்ரோவ இப்பிடி நாசமாக்குனது?”

சோமலதா சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடு, வேறு ஏதோ யோசனையில் இருப்பவர்போல, மெதுவாகக் கேட்டார்: “நங்கி, அத கெதர மொனவத இவ்வே?”

தங்கச்சி, இன்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்கிறார். நிஷாந்தி உண்மையாகவே யோசித்தாள்.

“பருப்பும்...”

அதற்குமேல் சொல்லமுடியவில்லை. பருப்போடு வேறு என்ன என்பது சோமலதாவுக்கும் தெரியாமலே போயிற்று. உடம்பு முழுவதும் ஒரு திசையில் போய், சட்டென்று நின்றது. ஒரு கணம் அறையில் எந்தச் சத்தமும் இல்லை. நிஷாந்தி மூச்சைக்கூட விடாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அது அழுதது. கோயில் மணி மாதிரி இல்லை. வாலை யாரோ மிதித்துவிட்ட பூனைக்குட்டி மாதிரி, கிறீச்சென்று, நியாயம் கேட்கும் குரலில் அழுதது.

“நான் கேட்டேன், நான் கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும், “என் கேள்விய எங்கிட்டயே கேட்டுட்டீங்களே மிஸ்” என்றாள். அதுவும் சோமலதாவுக்கு விளங்கவில்லை. மறுநாள் அவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த நூலில் நிஷாந்தியின் கையால் இரண்டு புருவத்தையும் ஒரே உயரத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பையன் ‘நிஷா பியூட்டி’ துவாயில் சுற்றப்பட்டே வெளியே வந்தான். அந்தக் கோலத்தில் மெல்ரோய் எடுத்த படம் இப்போது கடையில் கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. பெயர் தெரியும்படி நன்றாக எடுத்திருக்கிறான். அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று அவள் சொல்வதுண்டு. வீட்டில் பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் அன்னபாக்கியம் வழக்கம்போலத் தொடங்கினார். “இவனும் அப்பிடித்தான், கோயில் மணி...”

“இல்ல மாமி” என்றாள் நிஷாந்தி, தட்டைக் கீழே வைத்துவிட்டு. “பூனக்குட்டி மாதிரி.”

“நீ என்னத்தக் கண்ட...” என்று தொடங்கிய அன்னபாக்கியம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார். மிச்சக் கதையை நிஷாந்தியே உட்கார்ந்து சொன்னாள். ஊசி கேட்ட பகுதியை மட்டும் விட்டுவிட்டாள்.

கடை மறுபடி திறந்த முதல் சனிக்கிழமை ஹமீமா ராத்தா வந்தார். படத்தை நின்று பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஊசி போடல்லண்டு கேள்விப்பட்டேன், சந்தோசம். ஆனா நிஷா, ஒரு வாட்டியாவது கேட்டீங்களா இல்லயா? உண்மயச் செல்லுங்க பாப்பம்.”

எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். நிஷாந்தி நூலை இழுத்து அறுத்து விரலில் சுற்றினாள். ஹமீமாவின் ஒரு கையை எடுத்து விரலைப் புருவத்துக்கு மேலே வைத்தாள். மறு கையை எடுத்து விரலை இமையில் வைத்தாள். ‘வலிக்காது அக்கா’ வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து, பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.