ஆறு வருஷப் புதுமுகம்

குமராட்சி வெண்மதிக்கு இந்தத் தையோடு இருபத்தாறு முடிகிறது. அவள் ஆடும் குமராட்சிக் கபடி அணியில் இன்னும் அவளைப் புதுமுகம் என்றுதான் சொல்கிறார்கள். ஆறு வருஷமாகப் புதுமுகம். ஆடுகிறாள் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மகேஸ்வரி இருக்கும்போது இன்னொரு முகம் எதற்கு என்பது மேனேஜர் தில்லைநாதனின் எண்ணம்.

மகேஸ்வரிக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். இப்போது இரண்டு முட்டியிலும் உறை மாட்டிக்கொண்டுதான் களத்தில் இறங்குவாள். ஆனாலும் பேனரில் அவள் படம் இருந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் அடுத்த ஊரில் கூப்பிடுவார்கள். வெண்மதியின் கால் வேகத்தைப் பேனரில் அச்சடிக்க முடியுமா?

வெண்மதிக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வேலை. ஒரு ஃபைனலில் பாடிப்போய்ப் புள்ளி எடுத்து, மைக்கில் தன் பேரைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. புடவை மடிக்கும்போது தனக்குத்தானே வர்ணனை சொல்லிக்கொள்வாள். பாவம், அவ்வளவு ஏக்கம்.

காணும் பொங்கலன்று பகலில், கடலூர் செம்மண்டலத்தில் ஃபைனல். முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கையில் குமராட்சி ஐந்து புள்ளி பின்னால் இருந்தது. மகேஸ்வரி பிடிபட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தாள். களத்தில் இருந்த ஜான்சிக்கும் கால் பிசகிவிட்டது. தில்லைநாதனுக்கு வேறு ஆளில்லை.

"நீ போம்மா. சும்மா பிடிபடாம திரும்பி வந்துரு, போதும்."

வெண்மதி சும்மா திரும்பி வரப் போகவில்லை. பாடிக்கொண்டே நேராக மூலைக்குப் போய், அங்கே நின்றவளின் கால் விரலைத் தொட்டாள். அவளையும் சேர்த்து நாலு பேர் மேலே விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்துவிட்டாள். மைதானமே எழுந்து நின்றது. விசில் காதைப் பிளந்தது. மண்ணில் கிடந்தபடியே அவள் மைக் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"மகேஸ்வரி உள்ள வந்துட்டாங்க. நம்ம மகேஸ்வரி உள்ள வந்துட்டாங்க."

ஆட்டத்தின் சட்டம் அது. ஒருத்தி புள்ளி எடுத்தால், முதலில் வெளியே போன நம் ஆள் உள்ளே வரலாம். ஆறு வருஷம் பெஞ்சிலிருந்து பார்த்தவளுக்கு அந்த ஒரு கணம் அது மறந்துபோயிருந்தது.

எதிரணி பாடி வந்து வெறுங்கையோடு திரும்பியது. இன்னும் ஒரு புள்ளி பின்னால்தான், இனி கடைசி வாய்ப்பு. மகேஸ்வரி நொண்டி வந்து வெண்மதியின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு முடியலடி. நீயே போ."

வெண்மதி கோட்டருகே போய்விட்டாள். அதற்குள் கூட்டம் மகேஸ்வரி, மகேஸ்வரி என்று கத்தத் தொடங்கியது. மகேஸ்வரி ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு வெண்மதியை விலக்கிவிட்டுத் தானே பாடிப்போனாள். மூன்றாம் அடியிலேயே மடக்கிவிட்டார்கள். தோற்றது குமராட்சி. இந்த வயதிலும் என்ன துணிச்சல் என்று மைக் மகேஸ்வரியைப் புகழ்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெண்மதியும் தட்டினாள். மகேஸ்வரிமேல் கோபம் வரவில்லையே என்பதுதான் வெண்மதிக்கு அழுகையை வரவழைத்தது.

திரும்பும் வேனில் மகேஸ்வரி முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, நாலு வருஷம் முன்னாடியே விட்டிருக்கணும் என்று புலம்பினாள். முன் சீட்டிலிருந்து தில்லைநாதன், மாசியில் சேத்தியாத்தோப்பில் ஆட்டம், மகேஸ்வரி உண்டா என்று கேட்கிறார்கள் என்றார்.

"வர்றேன்னு சொல்லுங்கண்ணா" என்றாள் மகேஸ்வரி.

வெண்மதி, மாசியில் ஒரு நாள் லீவு வேண்டும் என்று கடைக்கு ஃபோன் போட்டாள்.