படையலுக்கு வைத்த சுருட்டு

இறந்த பின்னும் அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, வந்து அப்பாவை அதட்டக்கூடியவர் என்று பத்து வயதில் முழுமனதாக நம்பினேன். நம்பவைத்தது ஒரு சுருட்டு.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட காலம். நயினாதீவில் கடைகள் பூட்டு, படகும் இல்லை. அதுவரை அப்பா படகுத் துறையில் கூட்டாளிகளோடு நின்று சுருட்டுப் பற்றுவார். வீட்டோடு அடைபட்டதும் விறாந்தையில் அவர் உட்காரும் கதிரையே துறையாகிவிட்டது. விடிந்தால் பொழுதுபடும்வரை புகைதான். மூன்று வயதுத் தம்பிக்கோ இழுப்பு. அவனுடைய இன்ஹேலர் முடியும் தறுவாயில் இருந்தது. அந்தரம் அவசரத்துக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

"பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கு, உந்தச் சுருட்டை விடுங்கோவன்" என்பார் அம்மா.

"நான் வெளியிலைதானே பத்துறன். புகை கடலுக்குத்தான் போகுது" என்பார் அப்பா. அந்த வழி புகைக்குத் தெரியவில்லை.

பிறகு கைவசமிருந்த சுருட்டுகள் தீர்ந்தன. அப்பா பழைய சட்டைப் பைகளைக் கிளறினார். பற்றி எறிந்த அடிக்கட்டைகளைத் தேடி முற்றத்தைக் கூட்டினார். அதற்கு முன் அவர் விளக்குமாற்றைத் தொட்டதே இல்லை. காய்ந்த பப்பாசி இலையைக் கலண்டர்த் தாளில் சுருட்டியும் பார்த்தார். அந்தப் புகையில் அவரும் இருமினார், தம்பியும் மூச்சுக்கு அவதிப்பட்டான்.

அந்த நாட்களில்தான் அப்பப்பாவின் திவசம் வந்தது. அவர் சுருட்டுப் பிரியர். படையலில் சோறு கறியோடு ஒரு சுருட்டும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து போகும்வரை வெளியே இருப்பது எங்கள் வழக்கம். மிஞ்சிய சுருட்டு வருடாவருடம் அப்பாவுக்கு. இந்தப் படையலுக்கென்று ஒன்றே ஒன்றை அம்மா அலுமாரியில் சேலைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதை அப்பா வாங்கினார். படைக்கும் சுருட்டில் வாய் வைக்கக் கூடாது. விளக்குச் சுடரில் பிடித்துப் பிடித்துப் பற்றவைத்து, இலையோரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தம்பி அவருடைய நெஞ்சில் சாய்ந்து உறங்கிப்போனான். அப்பா கண்ணை மூடி, தலையைச் சரித்து, அசையாமல் இருந்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. உள்ளே அப்பப்பா பேசுகிறார், அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்! எழுந்து நடக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தபோது சுருட்டில் பாதி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அப்பா அதை எடுத்தார். அம்மாவும் நானும் அவருடைய வாயையே பார்த்தோம். அவர் நேரே கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீருக்குள் அதை அமிழ்த்தினார்.

"என்னப்பா, இவ்வளவு நாளும் பாடுபட்டுத் தேடினீங்கள்?" என்றார் அம்மா.

"பத்தினது காணும், இனிப் போதும்" என்றார் அப்பா.

படகு ஓடத் தொடங்கி, கடைக்காரர் புதுச் சுருட்டுக் கட்டு ஒன்றை நீட்டியபோதும் "வேண்டாம் அண்ணை" என்றுவிட்டார். அப்பப்பா வந்து அதட்டிய கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை.

போன மாரியில் தம்பிக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. என் நெஞ்சில் சாய்ந்து உறங்கினான். என்னை அறியாமலே கண்ணை மூடித் தலையைச் சரித்தேன். அவனுடைய மூச்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று வந்து வந்து போனது. அன்றைக்கு அப்பா கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.