காது குத்த ஒரு மடி

எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. வகுப்பில் அத்தனை பெண்பிள்ளைகளும் கம்மலை ஆட்டிக்கொண்டு வர, நான் மட்டும் வெறுங்காதோடு நின்றேன். ‘மூளிக் காது’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல் என்றால் கொஞ்சநஞ்ச வயிற்றெரிச்சல் இல்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கத்து முறை. அம்மாவின் அண்ணன் இருந்தது இதோ இந்தச் சிங்கவரத்தில். சைக்கிளை எடுத்தால் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். அவர்தான் வரமாட்டேன் என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா, சின்னம்மா, நான் என்று மூன்றே பேர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நைனா வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். அதன்பிறகு வந்தவள் சின்னம்மா. தெருவில் கேட்பவர்களுக்கு, அம்மாவுக்குத் தங்கச்சி முறை. உண்மையில் சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை, அவள் அவலூர்பேட்டைக்காரி. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி காதலித்துக் குடித்தனம் நடத்தினார்கள். இன்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது எனக்குத் தலை பின்னி டிபன் கட்டிக் கொடுப்பவள், ஜுரம் வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே கிடப்பவள் சின்னம்மா என்பதுதான்.

சிங்கவரத்து மாமா அம்மாவின் தையல் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். “அந்தப் பொம்பள அந்த வூட்ல இருக்கிற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அன்றைக்குச் சாப்பிடும்போது சின்னம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு நாளு நான் எங்கனா போயி இருந்துட்டு வரேன். கொழந்தைக்குக் காது குத்தட்டும்” என்றாள்.

“நீ இல்லாத வூட்ல இவளுக்குக் கம்மலும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காது என்னுடையது! வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? இவர்களை நம்பினால் கல்யாணத்துக்கும் மூளிக் காதோடுதான் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

சின்னம்மாவுக்கும் ஓர் அண்ணன் உண்டு. அம்மாவோடு குடிவந்த நாளிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் அவள் போனில் அவர் பெயரை எடுத்துப் பார்ப்பாள், கூப்பிடாமல் வைத்துவிடுவாள். இந்த அண்ணன் வராவிட்டால் அந்த அண்ணன், இதில் என்ன இருக்கிறது? சின்னம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனை எடுத்தேன்.

“மாமா, நான் உங்க தங்கச்சி பொண்ணு பேசறேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் சத்தம் நின்றது. பிறகு, “எந்தத் தங்கச்சி?” என்றார்.

“உங்களுக்கு எத்தினி தங்கச்சி இருக்குது?”

“ஒண்ணுதான்.”

“அதேதான். ஞாயித்துக்கெழம எனக்குக் காது குத்தணும். வந்து மடியில வெச்சுக்கங்க. பஸ் ஸ்டாண்டு பின்னால, தையல் கடை மாடி.”

“அது சொல்லித்தான் பேசறியா?”

“அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா முதுகுலயே வெக்கும்.”

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குமேல் முடியாமல் சின்னம்மாவிடம் உளறிவிட்டேன்.

“அய்யய்யோ, இன்னாடி பண்ணி வெச்சிருக்க? எங்கண்ணன் என் மூஞ்சிய பாத்து ஆறு வருசம் ஆவுதுடி. அவன் வரமாட்டான்.”

வரமாட்டான் என்று சொன்னவள்தான் மறுநாள் காலையில் தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். வேண்டாம் என்ற அம்மாவோ வாசலையே அடைத்து மாக்கோலம் போட்டிருந்தாள். பெரியவர்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று.

பத்து மணிக்கு அவர் வந்துவிட்டார். கையோடு ஓர் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு, பூ, பழம், கம்மல், பாவாடை சட்டை, ஒரு புடவை எல்லாம் வைத்த தாம்பாளத்தோடு படியேறி வந்தார். சின்னம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராகப் பாயில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தாய்மாமன் யாருங்க?” என்றார் ஆசாரி, வழக்கத்துக்காக.

“நான்தான். குத்துங்க.”

உயிர் போனது. மாமாவின் கையை நன்றாகவே கடித்து வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு காதிலும் கம்மல் ஏறியபிறகு கண்ணாடியில் பார்த்தேன். வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன்பிறகுதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். காது குத்து முடிந்ததும் பிள்ளையைப் பெற்றவளுக்கு மாமன் புடவை கொடுக்க வேண்டும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! இவரோ புடவையை இரண்டு கையாலும் எடுத்துப்போய்ச் சின்னம்மாவிடம் நீட்டினார். வாங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, பொடவைய அம்மாவுக்குத்தான் குடுக்கணும்” என்றேன்.

“அம்மாவுக்குத்தாம்மா குடுத்தேன்” என்றார்.

வெறுங்கையோடு நின்ற அம்மாவைப் பார்த்தேன். கோபமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், இந்த வீட்டில் யார் அம்மா என்றுகூடத் தெரியாமல் வந்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்தேன். ஆசாரி முன்னால் அவர் மானத்தை வாங்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.