எட்டாவது பெட்டியின் புலம்பல்

எனக்குப் பொறுமை கிடையாது. கல்லூரி லேபில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர்களோடு மாரடித்தும் வரவில்லை, இனிமேலா வரப்போகிறது?

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஸ்ரீரங்கத்தின் எந்தெந்தத் தெருவுக்குள் தண்ணீர் நுழையும் என்று கணக்கிட்டுப் பார்க்க, சிவில் துறைப் பேராசிரியை ஒருவர் விரும்பினார். எட்டுக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, ஒன்றாக வேலை செய்யும்படி இணைத்துக் கொடுப்பது என் தலையில் விழுந்தது. கடைசியில் ஒரு வரைபடம் வரும். தண்ணீர் வரும் தெரு சிவப்பு, வராத தெரு பச்சை.

நானும் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம்தான் குடியிருக்கிறேன். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அசைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தம்பி, நம்ம தெருவுக்குத் தண்ணி வருமா வராதா, அது மட்டும் சொல்லிடுங்க. வரும்னா ஆம்புலன்ஸ் வச்சு துறையூர்ல பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். வராதுன்னா அவளைப் படுத்த வேண்டாம் பாருங்க."

ஏழு பெட்டிகள் ஒழுங்காக இணைந்தன. எட்டாவதுதான் உயிரை வாங்கியது. வெளியே பார்க்க அதே மாடல், உள்ளே நெட்வொர்க் சிப் வேறு. லினக்ஸுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. எங்கெங்கோ தேடி, அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்றைப் பிடித்துப் போட்டேன். வேலை செய்தது. ஆனால் திரை முழுக்க ஒரே வரி ஓடிக்கொண்டே இருந்தது: பிழை ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது. பிழை ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது.

"அதான் சரியாயிடுச்சுல்ல, அப்புறம் என்னத்துக்குடா ஒப்பாரி வைக்கிற?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். பெட்டி கிளம்பும்போது படிக்கிற கட்டளை வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தச் செய்தி வராது என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். சேர்த்தேன். திரை அமைதியானது. அப்பாடா என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

வரைபடம் வந்தபோது எங்கள் தெரு பச்சை. நானே எதிர் வீட்டுக்குப் போய், "வராதுங்க, நிம்மதியா இருங்க" என்றேன். என் எதிரிலேயே போன் செய்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் லேபில் புது யுபிஎஸ் வந்தது. சும்மா சோதிக்கலாமே என்று அதே பழைய கணக்கை மறுபடி ஓடவிட்டேன். காலையில் முடிவைப் பார்த்தால் எங்கள் தெரு சிவப்பு. அதே எண்கள், அதே புரோகிராம். சேர்த்த சொல்லை எடுத்துவிட்டு எட்டாவது பெட்டியை மறுபடி கிளப்பினேன். வரிகள் கொட்டின. இப்போது 'சரிசெய்யப்பட்டது' இல்லை. சரிசெய்ய முடியவில்லை, சரிசெய்ய முடியவில்லை. எப்போதிலிருந்து இப்படி? செய்தியை நானே நிறுத்தி வைத்திருந்ததால் அதற்குப் பதிவே இல்லை. முதல் வரைபடம் தப்பா, இரண்டாவது தப்பா, இரண்டுமே தப்பா, கண்டுபிடிக்க வழியில்லை. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, கணக்கை ஏழு பெட்டிகளுக்குப் புதிதாகப் பிரித்து ஓட்டினால் இரண்டு நாள் ஆகும். வெளியே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகரிக்கும் என்று அறிவித்துக்கொண்டு போனார்கள்.

பேராசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"எது சார் சரி?"

"தெரியலைங்க மேடம்."

"கலெக்டர் ஆபீஸ்ல, வரைபடம் தப்பா இருக்கலாம்னு நான் சொல்லிக்கறேன். நீங்க முதல்ல உங்க தெருவுக்குப் போங்க" என்றார்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் காவிரிப் பாலத்தில் கூட்டம் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது தப்பா இருக்கலாங்க. உடனே கிளம்பிடுங்க."

ஸ்பூன் அப்படியே நின்றது. "இப்ப சொல்றதாவது நிச்சயமா?"

'ஆமாம்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்லைங்க. இதுவும் நிச்சயமில்லை."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஆம்புலன்ஸுக்கு நான்கு முறை முயன்றார், கிடைக்கவில்லை. தெருமுனையில் நின்ற லோடு ஆட்டோவைக் கூப்பிட்டார். பிறகு மனைவியின் அடியில் கிடந்த போர்வையின் இரண்டு முனைகளைத் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு, "கால் பக்கம் பிடிங்க தம்பி" என்றார்.

தூக்கினோம். அந்த அம்மா அலறினார். தெருவில் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.