தேவராஜ் அண்ணன் குடிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, சுங்குவார்சத்திரத்தில் என் சித்தப்பா மகளின் வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் விருந்தினர் இல்லத்தின் காவலாளி மாணிக்கம் போன் செய்தார். சமையல்காரர் தேவராஜ் அண்ணன் வேலை முடிந்து கிளம்பும்போது கேட் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். பஸ் ஏறுவதற்குள் மாணிக்கமே மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாராண்டயும் சொல்லாதம்மா. சட்டையெல்லாம் பீர் நாத்தம்."

அதற்குள் அவரே நான்கு பேரிடம் சொல்லியிருந்தார். சாயந்தரத்துக்குள் பிள்ளைப்பாக்கத்தில் அண்ணன் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணனோடு வேலை பார்த்தவர்களும் அவர் தெருக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் இல்லம் எங்களுடையது. அண்ணன் சமையல். நான் அறைகளைப் பார்த்துக்கொள்பவள். சென்ற ஆண்டு மார்ட்டின் என்ற ஜெர்மன்காரர் வந்து தங்கினார். இங்கே கடையில் கிடைக்கும் ரொட்டி எல்லாம் இனிக்கிறது என்பது அவர் குறை. அண்ணன் ஈஸ்ட் வாங்கி இரண்டு முறை முயன்றார். மாவு எழும்பவே இல்லை. அடுத்த ஞாயிறு காலையில் மார்ட்டின் சமையல் மேடைமேல் ஒரு பெரிய பீர் பாட்டிலை வைத்து, போனில் மொழிபெயர்த்துச் செய்முறையைக் காட்டினார். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அதில் பீரை ஊற்றிக் கரண்டியால் கலக்க வேண்டும். பிசைய வேண்டாம், புளிக்கவைக்கவும் வேண்டாம். ரொட்டி சுடும் தகர அச்சில் ஊற்றி, மேலே வெண்ணெய் தடவி, முக்கால் மணி நேரம் ஓவனில் வைத்தால் போதும். ஈஸ்ட் செய்யும் வேலையைப் பேக்கிங் பவுடரும் பீரின் நுரையும் செய்துவிடும்.

அண்ணன் தலையாட்டினார். மார்ட்டின் போனதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தபடியே நின்றார். நான் துணிக்கூடையோடு அந்தப் பக்கம் போனேன்.

"வசந்தா, கொஞ்சம் நில்லு. இத நான் தனியா தொறக்கக் கூடாது. எனக்குப் பயமா கீது."

அன்றுதான் சொன்னார். ஏழு வருடங்களுக்கு முன் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை பார்த்தபோது, குடித்துவிட்டுக் கொதிக்கும் சாம்பார் அண்டாவைச் சாய்த்துவிட்டாராம். கஸ்தூரி என்ற பெண்ணுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. அந்தப் பெண் புகார் சொல்லவில்லை. இவராகவே வேலையை விட்டார், குடியையும் விட்டார். அதற்குப் பின் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

"அப்போ செய்ய மாட்டேன்னு சொல்லிடுங்கண்ணா" என்றேன்.

"சொன்னா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. காரணத்தச் சொன்னா மறுபடி குடிகாரன்னு பேரு வந்துடும். அந்தப் பேரு போவ எனக்கு ஏழு வருசமாச்சு."

அதிலிருந்து ஞாயிறுதோறும் எட்டு மணிக்கு நான் சமையலறையில் இருப்பேன். மூடியைத் திறப்பது நான். ஒரு ரொட்டிக்கு அரை பாட்டில்தான் வேண்டும். அதை அளந்து மாவில் ஊற்றுவேன், அவர் கலக்குவார். மீதி அரை பாட்டிலைக் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியில் கொட்டுவேன். அப்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். வாடை அடங்கியதும்தான் திரும்புவார். மேல்தோல் வெடித்துப் பொன்னிறமாக வரும் அந்த ரொட்டியை அவர் வாயில் வைத்ததே இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிடுவார்களோ என்று எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. சாலையில் தண்ணீர் ஏறி ஷேர் ஆட்டோ நின்றுவிட, முட்டியளவு நீரில் நடந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன். சமையலறையில் அண்ணன் இல்லை. மேடைமேல் பாட்டில் திறந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. பின்கதவைத் திறந்தால், சிமெண்ட் படியில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ வந்துடுவன்னு தொறந்துட்டேன். உள்ள இருந்தா குடிச்சிருப்பேன். அதான் வெளிய வந்துட்டேன்."

நுரை செத்த பீரில் செய்த ரொட்டி அன்றைக்குச் செங்கல் மாதிரி வந்தது. மார்ட்டின் விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இந்த வேலை வேண்டாம், நானே மார்ட்டினிடம் சொல்கிறேன் என்று சண்டை போட்டேன். இதெல்லாம் வீம்பு என்றுகூடச் சொல்லிவிட்டேன். "வீம்புதான். எனக்கு வேற இன்னா கீது?" என்றார். இரண்டு வாரம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஞாயிறு எட்டு மணிக்கு நான் போய் நின்றேன்.

வளைகாப்புக்கு லீவு எடுத்தபோது, இந்த வாரம் ரொட்டி வேண்டாம் என்று சனிக்கிழமையே அவரிடம் சொன்னேன். சரி என்றார்.

அவர் இறந்த அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆனால் அங்கே யாரும் அதைப் பேசவில்லை. அண்ணனின் தம்பிகள் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவர் மனைவி அமுதா அண்ணி என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ கூடவே இருக்குறவ. பொய் சொல்லாத. குடிச்சாரா?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் நான் அங்கே இல்லையே. "தெரியல அண்ணி. பாத்துட்டு வரேன்" என்றேன். அவர் கை தளர்ந்து விழுந்தது.

விருந்தினர் இல்லத்துக்குப் போனேன். சமையலறையை அவர் போனபின் யாரும் தொடவில்லை. மேடைக்குக் கீழே தரை பிசுபிசுத்தது. திறக்கும்போது பொங்கிச் சட்டையில் வழிந்திருக்கிறது. காலி பாட்டில் தொட்டி ஓரமாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பாதி ரொட்டிக்குப் போயிருந்தால் மீதி பாதி எங்கே? மார்ட்டினைக் கூப்பிட்டுக் கேட்டேன். வழக்கம்போலக் காலையில் ஒரே பாட்டில்தான் கொடுத்தேன், அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்றார். காலையில் அவர் சாப்பிட்ட ரொட்டியின் மிச்சம் தட்டில் இருந்தது.

பிறகுதான் ஓவனைத் திறந்தேன். உள்ளே இன்னொரு ரொட்டி. எங்களிடம் ரொட்டி அச்சு ஒன்றுதான். அதனால் எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறார். வட்டமாக, சற்றுக் குட்டையாக வந்திருந்தது. கொட்டுவதற்கு நான் இல்லாததால், மீதியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உடனே இரண்டாவது மாவில் ஊற்றிவிட்டிருக்கிறார். மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் திரும்பினேன். அண்ணியிடம் முதலிலிருந்து சொன்னேன். ஒரு பாட்டில் என்பது இரண்டு ரொட்டி அளவு என்பதை அவருக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் ரொட்டியை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்க் கொழுந்தன்கள் முன்னால் நின்றார்.

"மொத்தமும் ரொட்டிக்குப் போயிருக்கு. அவர் வயித்துக்குள்ள போவல. இப்போ வந்து அவர் காலத் தொடுங்க."

வந்து தொட்டார்கள்.

எங்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக் குறிப்பில் 'மது அருந்திய நிலையில்' என்று எழுதியிருந்தார்கள். புதன்கிழமை மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டை நாறியது, வாய் நாறவில்லை, தூக்கியவன் நான்தான் என்று அவரே மேலாளரிடம் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டார்கள். தனியாக அந்தப் பாட்டிலோடு போராடியதில்தான் அவர் நெஞ்சு நின்றதோ என்ற கேள்வியை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை.

அண்ணனின் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. தனக்குப் பயமாக இருக்கிறது என்று, தன்னைவிடச் சின்னவளான ஒரு பெண்ணிடம் தலைகுனியாமல் சொன்ன மனிதர் அவர். அதைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். என் மார்பில் ஒரு கட்டி. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அமுதா அண்ணிக்குப் போன் செய்து, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எனக்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.