தோழியின் இடப்பக்கம்

சேலை கட்டுகிற எவளுக்கும் தெரியும், அது வலப்பக்கத்தை நன்றாக மூடும், இடப்பக்க இடுப்பைத் திறந்துவிடும். என் பை இருந்தது இடப்பக்கத்தில். எனக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் ஆண்பிள்ளை. அவர் பிறந்ததிலிருந்து ஒரு சேலை கட்டியிருக்கமாட்டார்.

குடலில் வளர்ந்த கட்டியை வெட்டி எடுத்தவர்கள், மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே விட்டிருந்தார்கள். மலம் அந்த வழியாக வந்து, அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். இது என் கணவருக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கையில் மற்ற எல்லாருக்கும், எனக்கு நடந்தது வயிற்றில் ஒரு சின்ன ஒப்பரேசன். அவர்கள் அதை நம்பினார்களா என்பதில் எனக்கு ஐமிச்சம். பக்கத்து வீட்டுக்காரி முன்பெல்லாம் வேலியில் சாய்ந்துகொண்டு கதைப்பாள். இப்போது ஓரடி தள்ளி நின்று கதைத்தாள். கேட்டால் வெயில் என்பாள். நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் தம்பிக்குக் கொடிகாமத்தில் பெண் பேசி முற்றாகியது. எங்கள் பக்கக் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. அவள்தான் பெண்ணுக்குக் கூறைச்சேலை உடுத்தி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். தம்பிக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. விலகி நின்றால் ஏன் என்று ஊர் கேட்கும். நின்றால் ஊர் பார்க்கும். பெண் வீட்டாருக்குத் தெரிந்தால், “இது பரம்பரையாய் வாற வருத்தமோ?” என்ற ஒரு கேள்வி போதும், சம்பந்தம் கசந்துவிடும். தம்பியோ என்னிடம், “அக்கா, நீங்கள் நிக்காட்டி எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்” என்றான். அவன் மனதாரச் சொன்னானா, வேறு ஆள் இல்லாத குறைக்குச் சொன்னானா என்று அதையும் நான் கிண்டிப் பார்த்தேன். ஆனால் எனக்கு ஆசை இருந்தது. நானே தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் பக்கத்தில் நிற்காமல் நான் யாருக்காக உயிர் பிழைத்தேன்?

உடுப்பில் புத்தியைச் செலுத்தினேன். உண்மையான பை கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையால் கொழும்புப் பாதை மூடிக் கிடந்த அந்த நாளில் குளிக்கிற சவர்க்காரமே வராதபோது பைக்கு எங்கே போவது? வீட்டில் பொலித்தீன் பையும் துணிப்பட்டியுமாகச் சமாளித்துக்கொண்டு, கடைசியாக மிஞ்சியிருந்த நல்ல பையைக் கலியாணத்துக்கென்று ஒளித்து வைத்தேன். பாவாடை நாடா துளையின்மேல் அறுக்கும் என்பதால் அதை உருவிவிட்டு, அகலப் பட்டி வைத்துத் தைத்தேன். கொய்யக மடிப்பை நடுவில் செருகாமல் சற்று இடப்பக்கமாக, பையின்மேல் விழும்படி செருகப் பழகினேன். சேலைச் சட்டையை இடுப்புவரை நீளமாகத் தைக்கக் கொடுத்தபோது தையற்காரி, “என்னக்கா, கிழவியள் மாதிரி?” என்று கேட்டுவிட்டு, அளவுநாடாவை வயிற்றடியில் ஒருகணம் கூடுதலாக வைத்திருந்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றே வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் கஞ்சி மட்டும் குடித்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று, முன்னாலும் பின்னாலும் பார்த்து, கணவரிடம் கேட்டேன்.

“தெரியுதோ?”

“ஒண்டும் தெரியேல்லை. நீர்தான் உதிலை கையை வைச்சு வைச்சு எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கப் போறீர்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்க்காமல், சால்வையை மடித்துக்கொண்டே சொன்னார். அதனால் நான் நம்பவில்லை.

பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார் ஒன்றில் போனோம். வழிநெடுகப் புகை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ அந்த நாற்றம் பெரிய ஆறுதலாக இருந்தது. அதைத் தாண்டி ஒருவருக்கும் வேறெதுவும் மணக்காது.

பெண் வீட்டில் இறங்கியதும் பெண்ணின் சின்னம்மா வந்து என் கையைப் பிடித்தாள். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய், எதையும் எடை போடும் கண். என் சட்டையின் நீளத்தைப் பார்த்தாள். என் கை போய் நின்ற இடத்தையும் பார்த்தாள். “வாங்கோ பிள்ளை” என்று சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அதன்பிறகு நான் எங்கே இருந்தாலும் அவள் கண் என் இடுப்பிலேயே மேய்ந்தது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பது என்னவென்று அன்று விளங்கியது.

மணவறையில் வைத்துக் கூறையை ஆசீர்வதித்துக் கொடுத்தார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு உடுத்தும் அறைக்குப் போனோம். உள்ளே பெண், சின்னம்மா, நான். வேறு யாரும் இல்லை. சேலையும் சட்டையும் மாற்ற வேண்டியிருந்ததால் பெண் கழுத்து நகைகளைக் கழற்றித் தட்டத்தில் வைத்தாள். அதில் ஒன்று கல் வைத்த அட்டியல். அயல்வீட்டில் இரவல் வாங்கியது. அந்த நாட்களில் பாதிக் கலியாணங்கள் இரவல் நகையில்தான் நடந்தன. நான் கூறையின் கொய்யகத்தை மடித்துச் செருகிக்கொண்டிருந்தேன். குனிந்து நிமிரும்போது பை இழுபட்டது போலிருந்தது. கை தானாகப் போய் அதை அமத்தியது.

உடுத்தி முடிந்து நகைகளைப் பூட்டப் பார்த்தால் அட்டியலைக் காணவில்லை.

தட்டத்தைக் கவிழ்த்தோம். பாயைத் தூக்கினோம். வெளியே மேளம் மாறி மாறி அடித்தது. “பெம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, முகூர்த்தம் போகுது!” என்று ஐயர் குரல் கொடுத்தார். சின்னம்மா கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றாள்.

“பிள்ளை, குறை நினையாதை. வந்ததிலையிருந்து பாக்கிறன், உன்ரை கை இடுப்பை விட்டு எடுபடேல்லை. மடியிலை என்ன வைச்சிருக்கிறாய்?”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு நாளும் பீ வரும் பையைக் கண்டுபிடிப்பார்கள் என்று செத்துப் பிழைத்தவளை, இவள் நகைக்கள்ளி என்று பிடித்திருக்கிறாள்! அடுத்த கணம் உடம்பெல்லாம் கொதித்தது. காட்டினால் எல்லாம் போச்சு. காட்டாவிட்டால், கள்ளியின் தம்பி அந்த மணவறையில் எப்படி இருப்பான்? அந்த நேரம் பார்த்து என் வயிறு வேறு தன்பாட்டில் ஒரு சத்தம் போட்டது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, சேலைக்கு மேலால் பையின்மேல் வைத்து அமத்தினேன்.

“பாருங்கோ மாமி. நல்லாய்ப் பாருங்கோ. சூடாய் இருக்கோ? குடலை வெளியாலை விட்டிருக்கினம். அதின்ரை பை. அட்டியல் இதுக்குள்ளையும் இருக்குமெண்டால் சொல்லுங்கோ, அவிழ்த்துக் காட்டுறன்.”

அவள் சுட்டதுபோலக் கையை எடுத்தாள். தன் சேலையில் துடைக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தரத்தில் நின்ற அந்தக் கையை நான் இன்றும் மறக்கவில்லை.

“துடக்கு, தீட்டு... அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே...” என்று இழுத்தாள்.

“சின்னம்மா, இஞ்சை கிடக்கு” என்றாள் பெண். தட்டத்தின்மேல் கழற்றிப்போட்டு, பிறகு ஓரமாய் எறிந்த சட்டையின் கொளுக்கியில் மாட்டி, அதன் மடிப்புக்குள் அட்டியல் தொங்கியது. அவள் அதைத் தானே கழுத்தில் பூட்டினாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டவள்தானே. முகத்தில் என்ன இருக்கிறது என்று பயந்து பயந்து பார்த்தேன். அழுதிருந்தாள். பிறகு என் இடக்கையைப் பிடித்தாள், இடுப்பில் இருந்த கையையே.

“மச்சாள், வாங்கோ. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

கூட்டிக்கொண்டு போனேன். தாலி ஏறியது. தம்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். அறைக்குள் நடந்தது அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சின்னம்மா பெண்டுகளின் நடுவில் போய்க் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். நான்கைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. சமையல்கட்டில் சோறு போதாது என்று பேசியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசியில் படம் எடுக்க நின்றோம். பிலிம் தட்டுப்பாடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு படம். படக்காரர் எங்களை வரிசைப்படுத்தியபோது, தூரத்தில் நின்ற சின்னம்மா விறுவிறென்று வந்து என் இடப்பக்கத்தில் ஒட்டி நின்றாள். தன் சேலைத்தலைப்பை விரித்து முன்னால் இழுத்துவிட்டாள். அது என் இடுப்பை முழுதாக மறைத்தது. பிறகு நேராகப் படக்காரரைப் பார்த்தாள்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எனக்காக மறைத்தாளா, தன் வீட்டுக் கலியாணப்படம் கெட்டுவிடும் என்று மறைத்தாளா? எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் பிடுங்க முடியவில்லை. தம்பியைப் பார்ப்பேன், அவன் பக்கத்தில் கூறையோடு நிற்பவளைப் பார்ப்பேன். பிறகு என்னைப் பார்ப்பேன். நிமிர்ந்து நிற்கிறேன். என் இடக்கை முன்னால் குறுக்கே போய், மணப்பெண்ணின் கைக்குள் இருக்கிறது.