சாம்பல் கிளிக்கு அனுமதி கேட்கப் போய்...

தேனி மாவட்டம் கூடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் என் கணவர் மதுரையிலிருந்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி வந்தார். "வெளிநாட்டுப் பறவைக்கு அனுமதி வாங்கணும்னு சொல்றாகளே" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

முதலில் நகராட்சிக்குப் போனேன். "இங்கன நாய்க்குத்தான் லைசென்ஸ். வனத்துறையில கேளுங்க" என்றார்கள். வனத்துறை அலுவலகத்தில் கிளி வாங்கிய ரசீதைக் கொடுத்து, செல்போனில் கிளியின் படத்தையும் காட்டினேன்.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பின்னாடி இன்னொரு கூண்டு தெரியுதே, அது என்ன?"

"அதுவா சார், நம்ம ஊருப் பச்சைக்கிளிதான். தென்னையில இருந்து குஞ்சா விழுந்துச்சு. நாலு வருசமா வளர்க்கிறேன்."

"சாம்பல் கிளிய ஆன்லைன்ல பதிஞ்சு வச்சுக்கலாம்மா. பச்சைக்கிளிய வச்சிருந்தாத்தான் கேசு."

"கடல் தாண்டி வந்தது இருக்கலாம், நம்ம தோப்புல பொறந்தது இருக்கக் கூடாதா சார்?"

"தோப்புல இருக்கலாம்மா. கூண்டுலதான் கூடாது. நீங்களா வந்துட்டீக, எழுதிக் குடுத்து ஒப்படைச்சிருங்க."

அன்று மாலையே ஒப்படைத்தேன். வனத்துறை ஜீப்பில் ஏற்றும்போது பச்சைக்கிளி "யக்கா, யக்கா" என்று கத்தியது. துணி தைக்க வரும் பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய சொல். அழுதுவிட்டேன். நான் அதைக் காப்பாற்றினேனா, அடைத்து வைத்தேனா என்று இன்றும் குழப்பம்தான்.

சாம்பல் கிளிக்குப் பதிவு முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது அடிபட்ட குஞ்சைக் கொண்டுவந்தால், அதற்குப் பெயர் வைக்கத் தோன்றுவதற்குள் வனத்துறைக்குப் போன் செய்துவிடுகிறேன்.